இன்னும் மூன்று ஞாயிறுதான், தோழர்களே

வெள்ளக்கடைத் தோழர்களே, நாகலூர், மஞ்சக்குட்டை, செம்மநத்தம், மாரமங்கலம் பக்கத்து அண்ணன்மார்களே, அக்காமார்களே, பள்ளிக்கூடம் போகும் தம்பி தங்கைகளே!

போன வியாழக்கிழமை விடியற்காலையில் நம் ஊருக்குக் கீழே இருக்கிற ஊற்றுப் பள்ளத்துக்குப் போனேன். கோரை நின்ற இடத்தில் செம்மண் கிடந்தது. இரண்டு லோடு இருக்கும். பொக்லைன் ஏறி இறங்கிய தடத்தில் தண்ணீர் தேங்கி, அதன் மேல் டீசல் வானவில் போலப் படர்ந்திருந்தது. கோரையின் நுனி மட்டும் மண்ணுக்கு வெளியே இரண்டு விரல் உயரத்துக்கு நீட்டிக்கொண்டிருந்தது. ஒரு நண்டு அந்த மண்மேட்டில் ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தது. அதன் வளை மண்ணுக்கடியில் போய்விட்டது. நான் அங்கே நின்ற கால்மணி நேரமும் அது அந்த ஒரே இடத்தைத்தான் சுற்றிச் சுற்றி வந்தது.

உட்கார்ந்து கையால் மண்ணை வழித்துப் பார்த்தேன். முழங்கை ஆழத்தில் விரல் சில்லிட்டது. தண்ணீர் இன்னும் கசிகிறது. ஊற்றின் வாயை அடைத்திருக்கிறார்கள், ஊற்று சாகவில்லை. அதனால்தான் இன்றைக்கே இதை எழுதி உங்கள் கையில் கொடுக்கிறேன். ஒரு மாதம் கழித்து எழுதினால் இது இரங்கல் கடிதமாக இருக்கும்.

மண் கொட்டியவர் யார் என்று பெயர் சொல்லிச் சண்டைக்கு நிற்க நான் வரவில்லை. அவர் போனால் அடுத்தவர் வருவார். மனை போடுகிறவருக்கு மேடு தீர்ந்துவிட்டது, இனிப் பள்ளம்தான் மிச்சம். பள்ளத்தில் மனை போட வேண்டுமென்றால் முதலில் ஈரத்தைக் கொல்ல வேண்டும். நம் மலையில் இப்போது நடப்பது அதுதான். அது நம் கண்முன்னால்தான் நடக்கிறது. ஆகஸ்டு 15 கிராம சபைக்கு நம்மில் எத்தனை பேர் போனோம்? போனவர்களும் தெருவிளக்கு, ரேஷன் கடை என்று பேசிவிட்டு, வருகைப் பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுத் திரும்பினோம். ஊற்றைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. நானும் திறக்கவில்லை.

அடுத்த கிராம சபை அக்டோபர் 2. அதற்குள் மூன்று ஞாயிறு இருக்கின்றன.

எதற்கு இத்தனை அவசரம், ஒரு சேற்றுப் பள்ளத்துக்காகவா என்று கேட்பவர்கள் நம் ஊரிலேயே உண்டு. அவர்களுக்குப் பதில் சொல்லாமல் ஓரடிகூட நகர முடியாது. அதனால் கொஞ்சம் பொறுத்துக் கேளுங்கள்.

நம் தாலுகாவின் பெயரே ஏரியும் காடும் சேர்ந்தது. ஏரிக்காடுதான் ஏற்காடு ஆனது என்று நாம் எல்லோரும் சொல்லிக் கேட்டே வளர்ந்தோம். அந்தப் பெயரில் பாதி தண்ணீர். 1,500 மீட்டர் உயரத்தில் ஒரு மலைக்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே பனிமலை இல்லை. வேறெங்கிருந்தும் ஆறு ஏறி வருவதில்லை. பெய்கிற மழை ஒன்றுதான் வழி. பெய்த மழையைப் பிடித்து வைக்க இந்த மலையிடம் இருப்பவை மூன்று: உச்சியில் இருக்கும் பாக்சைட் கலந்த செம்பாறை மண், சரிவில் நிற்கும் மரங்களின் வேர், பள்ளத்தில் கிடக்கும் சேறு. உச்சி மண் துளைத்துளையாக இருக்கும், மழையை உறிஞ்சிக் கீழே விடும். வேர் அதைத் தாமதப்படுத்தும். கீழே பாறை தடுக்கும் இடத்தில் தண்ணீர் ஊற்றாகத் தலைகாட்டும். அதைக் கோரையும் பெரணியும் மக்கிய இலையும் சேர்ந்த சேறு வாங்கி வைத்துக்கொண்டு, மாசி பங்குனியிலும் சொட்டுச் சொட்டாக ஓடைக்குக் கொடுக்கும்.

இந்த மூன்றில் முதலாவதை மேட்டூர் அலுமினியத்துக்காகப் பல ஆண்டுகள் வெட்டி எடுத்துப் போனார்கள். இரண்டாவது பாதி போய்விட்டது. காட்டு மரம் நின்ற இடத்தில், மிளகுக் கொடி ஏற்றவும் விற்றுக் காசாக்கவும் நேரே வளரும் சில்வர் ஓக்கை நட்டோம். நம்மிடம் மிச்சம் இருப்பது மூன்றாவது. அதன் மேல்தான் இப்போது செம்மண் லோடு இறங்குகிறது.

ஒரு கணக்குப் பாருங்கள். ஒரு ஏக்கரில் 10 சென்டிமீட்டர் மழை பெய்தால் விழும் தண்ணீர் ஏறக்குறைய 4 லட்சம் லிட்டர். 2024 டிசம்பர் தொடக்கத்தில் ஃபெஞ்சல் புயல் கரையேறி வந்தபோது ஏற்காட்டில் ஒரே நாளில் 20 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியது. ஏக்கருக்கு 8 லட்சம் லிட்டர், ஒரே நாளில். அந்த இரவு யாருக்கு மறந்திருக்கும்? மலைப்பாதையில் மண் சரிந்து வண்டிகள் நின்றன. கீழே சேலத்தில் திருமணிமுத்தாறு வீடுகளுக்குள் புகுந்தது. ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டர் பெய்தது. தென்பெண்ணை பெருகி, சாத்தனூர் அணையிலிருந்து விநாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறக்க வேண்டியதாயிற்று. வாணியாறு நம் மலையில் பிறந்து தென்பெண்ணைக்குப் போகிறது என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். திருமணிமுத்தாறும் சரபங்காவும் நம் மலையில் பிறந்து காவிரிக்குப் போகின்றன. ஒரே மலை இரண்டு பேராறுகளுக்குத் தண்ணீர் பங்கு வைக்கிறது. இங்கே பள்ளம் மண்ணால் மூடினால் அங்கே பாலம் மூழ்கும். புயல் நாளில் நாம் கீழ்நாட்டுக்கு அனுப்பிய தண்ணீரில் ஒரு பங்கையாவது பிடித்து வைத்திருக்கக்கூடிய இடங்கள் இவை. அதைப் பிடித்திருந்தால் அந்தத் தண்ணீரே ஏப்ரலில் நம் குடத்துக்கு வந்திருக்கும்.

என் ஆயா ஊற்று நீரைக் கடிகாரம் வைத்து அளந்ததில்லை. பித்தளைக் குடத்தை மூங்கில் தூம்புக்குக் கீழே வைத்துவிட்டு, ஒரு வெற்றிலையை மடித்து வாயில் போடுவாள். மென்று சாறு துப்புவதற்குள் குடம் நிறைந்துவிட்டால் ஊற்று சுகமாயிருக்கிறது என்று அர்த்தம். நிறையவில்லை என்றால் மேலே போய்ப் பார்ப்பாள். இலை அடைத்திருக்கும், மாடு மிதித்திருக்கும், யாராவது வேர் வெட்டியிருப்பார்கள். சரிசெய்துவிட்டுத்தான் குடத்தைத் தூக்குவாள். "ஊத்து சொல்லாது கண்ணு, நாமதான் கேக்கணும்" என்பாள். ஆயா போய்ப் பல வருடம் ஆகிறது. போன கோடையில் அதே குடத்தை அதே இடத்தில் வைத்தேன். தூம்பு இப்போது பிளாஸ்டிக் குழாய். குடம் நிறைய இருபத்தெட்டு நிமிடம் ஆனது. வெற்றிலைக் கட்டே தீர்ந்திருக்கும்.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்பார்கள். நாம் ஊற்றையே அளக்காமல் விட்டுவிட்டோம். எத்தனை ஊற்று இருந்தது, எத்தனை போனது என்று நம் பஞ்சாயத்தில் யாரைக் கேட்டாலும் விரல் விட்டுச் சொல்லத் தெரியவில்லை. இருந்ததற்குக் கணக்கில்லை என்றால் போனதற்கு வழக்கும் இல்லை. நான் உங்களிடம் சொல்ல வந்த விஷயம் இதுதான்.

நாட்டில் ஈரநிலங்களுக்குப் பட்டியல் இருக்கிறது. 1971 பிப்ரவரி 2 அன்று ஈரான் நாட்டு ராம்சர் நகரில் உலக நாடுகள் கூடி ஒப்பந்தம் போட்டன. அந்த ராம்சர் பட்டியலில் தமிழ்நாட்டுக்கு 2025 பிப்ரவரிக்குள் 20 இடங்கள் கிடைத்துவிட்டன. கோடியக்கரை, பள்ளிக்கரணை, வேடந்தாங்கல், கூந்தன்குளம் என்று நீளும் பட்டியல் அது. மகிழ்ச்சிதான். நம் சேலம் மாவட்டத்தின் பெயர் அதில் இல்லை. சரி, இந்தியப் பட்டியலாவது? விண்கோள் படத்தை வைத்து எடுத்த கணக்கெடுப்பில் 2.25 ஹெக்டேருக்கு மேற்பட்ட 2,01,503 ஈரநிலங்களைக் காக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2017இல் உத்தரவு போட்டது. 2.25 ஹெக்டேர் என்றால் ஐந்தரை ஏக்கர். நம் மலைப் பள்ளங்களில் ஐந்தரை ஏக்கர் ஈரம் ஒரே இடத்தில் எங்கே கிடைக்கும்? அரை ஏக்கர், பத்து சென்ட், ஒரு கட்டில் போடும் அளவு, இவைதான் நம்முடையவை. வானத்திலிருந்து பார்த்தால் காப்பிச் செடியின் நிழலுக்கும் கோரைப் பள்ளத்துக்கும் வித்தியாசம் தெரியாது. அதே ஆண்டு வந்த ஈரநில விதிகளோ, நெல் வயலையும் பாசனத்துக்கென்று வெட்டிய குளத்தையும் கணக்கிலேயே எடுப்பதில்லை. நம் முன்னோர் ஊற்றுப் பள்ளத்தின் ஓரத்தில் வரப்புக் கட்டி நெல் போட்டார்கள். அந்த ஒரு காரணத்தாலேயே அது வெறும் வயல் ஆகிவிடுகிறது.

ஆகவே யாருடைய பட்டியலிலும் நாம் இல்லை. வேறு யாரும் வந்து நம்மை எழுதப் போவதும் இல்லை. நம் பட்டியலை நாம்தான் எழுத வேண்டும்.

சின்ன இடத்துக்கு யார் மதிப்புக் கொடுப்பார்கள் என்று தளர வேண்டாம். திண்டுக்கல் மாவட்டம் காசம்பட்டியில் ஊர்மக்கள் சாமிக்கென்று விட்டுவைத்த கோயில்காடு 4.97 ஹெக்டேர்தான். 2025இல் அது பல்லுயிர்ப் பாரம்பரியத் தலம் என்று அறிவிக்கப்பட்டது. அதே ஆண்டு, நமக்குப் பக்கத்து மாவட்டமான ஈரோட்டில் எலத்தூர் குளமும் அந்தப் பெயரைப் பெற்றது. இதற்கெல்லாம் முன்னால், 2022இல், மதுரை அரிட்டாபட்டி. அங்கே டங்ஸ்டன் சுரங்கம் வருகிறது என்றதும் என்ன நடந்தது? ஊர் ஊராகக் கிராம சபையில் தீர்மானம் போட்டார்கள், மதுரை வரைக்கும் திரண்டு நடந்தார்கள். 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு அந்த ஏலத்தை ரத்து செய்தது. அவர்கள் கையில் முதலில் ஒரு காகிதம் இருந்தது. இந்தக் குன்றில் இத்தனை சுனை, இத்தனை ஊருணி, இத்தனை பறவை என்று எழுதிய காகிதம். அதன் மேல்தான் அத்தனை கூட்டமும் நின்றது.

கோத்தகிரி லாங்வுட் சோலையை நேரில் பார்த்தவர்கள் நம்மில் உண்டு. 116 ஹெக்டேர் மலைக்காடு, 2024இல் ராம்சர் தலமானது. அங்கே படகு இல்லை, ஏரி இல்லை. கீழே இருக்கும் ஊர்களுக்குக் குடிநீர் ஊறுகிற காடு என்பதால்தான் அதை ஈரநிலம் என்று உலகம் ஒப்புக்கொண்டது. ஊற்றும் ஈரநிலம்தான், தோழர்களே. இதை நாம் கூச்சமில்லாமல் உரக்கச் சொல்ல வேண்டும்.

இன்னும் பக்கத்தில் வாருங்கள். நம் மலைத் தண்ணீர் இறங்கிப் போய்ச் சேரும் கன்னங்குறிச்சி மூக்கனேரி, 58 ஏக்கர், ஒரு காலத்தில் குப்பையும் முள்ளுமாகக் கிடந்தது. 2010இல் சேலம் மக்கள் குழு அதைக் கையில் எடுத்தது. அரசிடம் அனுமதி வாங்கி, நன்கொடை திரட்டி, தூர்வாரிய மண்ணையே ஏரிக்குள் தீவுகளாகக் குவித்து மரம் வைத்தார்கள். இன்று அந்தத் தீவு மரங்களில் நீர்க்காகமும் கொக்கும் அடைகின்றன. கீழே இருப்பவர்கள் தங்கள் பாத்திரத்தைக் கழுவி வைத்துவிட்டார்கள். ஊற்றுகிற கை நம்முடையது.

ஊற்றுகிற கை என்ன செய்கிறது என்பதையும் மறைக்காமல் பேசிவிடுவோம். விடுதிக்காரர்களையும் வெளியூர்ப் பணத்தையும் மட்டும் குறை சொல்வது எளிது. ஏற்காடு ஏரியில் கழிவுநீர் கலப்பதைப் பத்திரிகைகள் பலமுறை எழுதிவிட்டன. அந்த ஏரி நிரம்பி வழிகிற தண்ணீர்தான் கிளியூர் அருவியில் 300 அடி விழுகிறது, அதில்தான் வந்தவர்கள் குழந்தையைக் குளிப்பாட்டுகிறார்கள். அது நகரத்துக் கதை என்று நாம் கையைக் கழுவிக்கொள்கிறோம். மார்கழி தை மாதத்தில் நம் ஓடையை முகர்ந்து பாருங்கள். காப்பிப் பழம் உரித்த பல்பர் தண்ணீரை அப்படியே ஓடையில் விடுவது யார்? அந்தத் தண்ணீரில் பழத்தின் சர்க்கரையும் பசையும் இருக்கிறது. அது புளிக்கும்போது ஓடையில் இருக்கும் உயிர்வளியைத் தின்றுவிடும். மீன் குஞ்சும் தலைப்பிரட்டையும் மூச்சுமுட்டிச் செத்து வெள்ளையாக மிதக்கும். அதை நான் சின்ன வயதிலிருந்து பார்க்கிறேன். எங்கள் களத்திலிருந்தும் அந்தத் தண்ணீர் போனது. ஒரு குழி வெட்டி, அதில் தேக்கி, சுண்ணாம்பு போட்டுத் தெளியவிட்டு, மரத்துக்குப் பாய்ச்சினால் போதும். இந்த வருடம் எங்கள் களத்தில் குழி வெட்டியாகிவிட்டது. அடுத்தவரைக் கேட்கும் முன் என் வீட்டில் செய்துவிட்டு வர நினைத்தேன். இனி உங்கள் களத்தில் எப்போது என்று கேட்பேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

இந்தப் பள்ளங்களில் நமக்கு முன்னால் குடியேறியவர்களையும் நினைத்துப் பாருங்கள். கொல்லை கொத்தும்போது மண்ணுக்குள்ளிருந்து விரல் தடிமனில் ஒரு கரும்பாம்பு வரும். வால் நுனி யாரோ சீவிவிட்டதுபோல் மொட்டையாக இருக்கும். இரட்டைத்தலை என்று பயந்து அடித்துவிடுகிறோம். அதற்கு விஷம் இல்லை. ஈர மண்ணில் மண்புழு தின்று வாழும் பிராணி. ஷார்ட் என்ற மருத்துவர் பெயரில் 1863இல் அதற்குப் பெயர் வைத்தார்கள். சேர்வராயன் மலையைத் தவிர உலகத்தில் வேறெங்கும் அந்த இனம் இல்லை. நம் மண்வெட்டி விழுவது அதன் மொத்த உலகத்தின் மேல்தான். பாறை இடுக்கில் பகலில் ஓடும் சின்னப் பல்லி ஒன்றுக்கு அறிவியலாளர்கள் 2000இல் ஏற்காட்டின் பெயரையே வைத்தார்கள். புரட்டாசி நெருங்கினால் ஓடைக்கல்லில் வாலை ஆட்டிக்கொண்டு வந்து உட்காரும் கருஞ்சாம்பல் வாலாட்டி, இமயமலைக்கு அந்தப் பக்கத்திலிருந்தும் வருகிற விருந்தாளி. இந்த வாரம் அது வந்துவிட்டது. கொட்டிய செம்மண்ணின் ஓரத்தில் ஒன்று நடந்துகொண்டிருந்ததைப் பார்த்தேன். போன வருடம் அது உட்கார்ந்த கல் இப்போது மண்ணுக்கடியில்.

"இதையெல்லாம் காப்பாற்றுகிறேன் என்று வேலி போட்டால் சுற்றுலாக்காரன் வரமாட்டான், டாக்சி ஓட்டுகிறவன் வயிற்றில் அடிக்காதே" என்று என் தம்பி முறையுள்ள ஒருவன் நேற்று டீக்கடையில் கேட்டான். அவன் கேட்டது நியாயம். வேலி போடச் சொல்லி நான் எழுதவில்லை. கீழே 40 டிகிரியில் காய்கிறவர்கள் 20 கொண்டை ஊசி வளைவு ஏறி இங்கே எதற்கு வருகிறார்கள்? குளிருக்கும் பனிமூட்டத்துக்கும் தண்ணீர்ச் சத்தத்துக்கும். அதைக் கொன்றுவிட்டு எதைக் காட்டி டாக்சி ஓட்டுவது? மே மாதக் கோடை விழாவில் ஏரியைச் சுற்றி வண்டி நிற்க இடமில்லை. ஆனால் அந்தக் கூட்டத்தில் பத்துப் பேரைக் கூப்பிட்டு, "அண்ணா, விடிகாலை ஆறு மணிக்கு வாருங்கள், இந்த மலை தண்ணீரை எங்கே ஒளித்து வைத்திருக்கிறது என்று காட்டுகிறேன்" என்று நம் பிள்ளைகளில் ஒருவன் அழைத்துப் போனால்? ஒரு தடவைக்குப் பத்துப் பேருக்கு மேல் வேண்டாம். செருப்போடு சேற்றில் இறங்கக் கூடாது, பாறை மேலேயே நடக்க வேண்டும். சோப்பு, ஷாம்பு, மது பாட்டில், பாட்டுப் பெட்டி எதுவும் கூடாது. வழி காட்டும் கூலி வழிகாட்டிய பிள்ளைக்கு. நம் வீட்டுக் காப்பியும் மிளகும் நடை முடிகிற இடத்தில் நாமே விற்கலாம். ஏரிக்கரையில் கடை வாடகை கட்டி விற்பதைவிட இது மானமான பிழைப்பு.

பட்டா நிலத்தில் இருக்கிற ஊற்றை என்ன செய்வது என்பது அடுத்த கேள்வி. அங்கே சட்டத்தைத் தூக்கிக்கொண்டு போகக் கூடாது. அந்த வீட்டுப் பெரியவரைப் போய்ப் பார்ப்போம். வாயைச் சுற்றிப் பத்தடி விடுங்கள், மாமா, கோரையைக் கொளுத்தாதீர்கள் என்று கேட்போம். நம் ஊரில் கேட்டுக் கொடுக்காதவர் அதிகம் இல்லை. கேட்காமல் விட்டதுதான் அதிகம். காட்டு எல்லைக்குள்ளோ ஓரத்திலோ இருக்கும் ஊற்றுக்கு நம் கையில் வலுவான சட்டம் இருக்கிறது. 2006இன் வன உரிமைச் சட்டம், ஐந்தாம் பிரிவு. நீர்ப்பிடிப்பையும் நீர்நிலைகளையும் காக்கும் அதிகாரத்தை அது உரிமையுள்ளவர்களுக்கும் கிராம சபைக்கும் கொடுத்திருக்கிறது. மலையாளி மக்கள் இந்த மலைக்கு விருந்தாளிகள் அல்லர், அட்டவணையில் எழுதப்பட்ட பழங்குடிகள். அந்தப் பிரிவு நமக்காக எழுதப்பட்டது. நாம் அதைப் பிரித்தே பார்க்கவில்லை. பல்லுயிர்ச் சட்டம் 2002, பிரிவு 41, ஒவ்வொரு உள்ளாட்சியிலும் பல்லுயிர் மேலாண்மைக் குழு வேண்டும் என்கிறது. அந்தக் குழு மக்கள் பல்லுயிர்ப் பதிவேடு எழுத வேண்டும் என்று அந்தச் சட்டத்தின் விதிகள் சொல்கின்றன. நம் பஞ்சாயத்துப் பதிவேட்டில் ஊற்றுகளின் பெயர் இருக்கிறதா என்று கிராம சபையில் எழுந்து கேட்போம். இருந்தால் வாசிக்கச் சொல்வோம். இல்லையென்றால் நாம் கொண்டுபோன பட்டியலைச் சேர்க்கச் சொல்வோம்.

ஆகவே வேலை இது.

முதல் ஞாயிறு நடக்கிறோம். நான்கு நான்கு பேராகப் பிரிந்து, ஒவ்வொரு பள்ளமும் ஒவ்வொரு குழுவுக்கு. குழுவில் ஒரு பெரியவரோ பெரியம்மாவோ கட்டாயம் இருக்க வேண்டும், ஏனென்றால் பெயர் அவர்களுக்குத்தான் தெரியும். புளியமரத்து ஊற்று, நாவல் கசம், மாடு முங்கின பள்ளம் என்று ஊற்றுக்கெல்லாம் பெயர் இருக்கிறது. பெயரை எழுதுங்கள். எங்கே இருக்கிறது என்று போனில் இடத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பத்து லிட்டர் வாளி நிறைய எத்தனை நொடி என்று எண்ணுங்கள். யார் குடிக்கிறார்கள், எந்த மாதம் வற்றும், எந்த வருடம் முதல் முறை வற்றியது என்று கேட்டு எழுதுங்கள். வற்றிப்போனதையும் எழுதுங்கள். செத்த ஊற்றுக்கும் பெயர் வேண்டும். படம் எடுங்கள், ஆனால் கூடு கட்டிய பறவைக்குப் பக்கத்தில் போகாதீர்கள்.

இரண்டாம் ஞாயிறு, எழுதியதை ஒன்றாகக் கூட்டுகிறோம். பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் வரைபடம் போடட்டும், அவர்கள் கை நம் கையைவிடத் தெளிவு. அன்றே தீர்மான வாசகத்தையும் எழுதிவிடுவோம். நீளமாக வேண்டாம். இன்னின்ன ஊற்றும் பள்ளமும் இந்த ஊராட்சியின் நீர் ஆதாரம். இவற்றின் மேல் மண் கொட்டுவதையும் கழிவுநீர் விடுவதையும் இந்தக் கிராம சபை எதிர்க்கிறது. இவற்றைப் பல்லுயிர்ப் பதிவேட்டில் சேர்க்கக் கோருகிறது. மாவட்ட ஆட்சியருக்கும் வனத்துறைக்கும் நகல் அனுப்பக் கோருகிறது. இவ்வளவு போதும்.

மூன்றாம் ஞாயிறு வீடு வீடாகப் போகிறோம். ஆள் சேர்ந்தால்தான் சபை சபையாகும். மக்கள் தொகை 500க்குள் இருந்தால் 50 பேர், 3,000 வரை 100 பேர், 10,000 வரை 200 பேர் வந்தாக வேண்டும். குறைந்தால் தீர்மானம் செல்லாது என்று ஒரே வரியில் ஒதுக்கிவிடுவார்கள். தோட்ட வேலைக்குப் போகும் அக்காமார்கள் அன்றைக்கு வராவிட்டால் நம் கூட்டம் பாதிக் கூட்டம். தண்ணீர் குடம் அவர்கள் தலையில்தான் இருக்கிறது. அதனால் மேஸ்திரிகளிடம் முன்கூட்டியே சொல்லி வையுங்கள். பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களுக்குப் பாலும் ரொட்டியும் நம் பொறுப்பு.

முதல் ஞாயிறு நடை தொடங்கும் முன் ஒன்று. கொட்டிக் கிடக்கும் அந்த இரண்டு லோடு செம்மண். அதை யார் அனுமதியும் கேட்டுக் காத்திருந்து எடுக்க முடியாது, ஊற்று அதுவரை தாங்காது. அது பொது ஓடைப் புறம்போக்கு என்று ஊர்க்கவுண்டரும் பெரியவர்களும் சொல்கிறார்கள். கிராம நிர்வாக அலுவலரிடம் மனு எழுதிக் கொடுத்தாகிவிட்டது, நகல் என்னிடம் இருக்கிறது. நிலத்தை நாம் தொடப் போவதில்லை. ஊற்றின் வாயை மட்டும் திறக்கப் போகிறோம், கையாலும் மண்வெட்டியாலும் கூடையாலும், பகல் வெளிச்சத்தில், ஊரே பார்க்க. யாராவது தடுத்தால் கை ஓங்கக் கூடாது, கெட்ட வார்த்தை கூடாது. உட்கார்ந்துவிடுவோம். அவ்வளவுதான்.

ஐப்பசி மழை பிறந்துவிட்டால் அந்த மண் கரைந்து ஊற்றின் கண்ணுக்குள் போய் இறுகிவிடும். பிறகு எத்தனை தீர்மானம் போட்டாலும் அது திறக்காது.

வருகிற ஞாயிறு, காலை 6 மணி, வெள்ளக்கடையில் பஸ் நிற்கும் இடம். மண்வெட்டி இருப்பவர்கள் மண்வெட்டியோடு வாருங்கள், இல்லாதவர்கள் கூடையோடு. அட்டைக்கு உப்பும் சுண்ணாம்பும் எடுத்துக்கொள்ளுங்கள். நோட்டும் பேனாவும் பிள்ளைகள் கையில் இருக்கட்டும். ஆயாவின் பித்தளைக் குடத்தை நான் எடுத்து வருகிறேன். வாயைத் திறந்ததும் முதலில் அதைத்தான் கீழே வைத்துப் பார்க்க வேண்டும்.